‘ஆல் இன்’ போவது எப்போது? ஒரு கணக்கு டீச்சரின் கருத்து

  இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வேலையை முடித்துவிட்டு, காபியோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். நடுவில் கணக்கும் வரும். பயப்பட வேண்டாம், கூட்டல் கழித்தல் பெருக்கல்தான்.

கொஞ்ச நாளாக ஒரு வார்த்தை என் கண்ணில் அடிக்கடி படுகிறது. “ஆல் இன்.” நீங்கள் வைக்கும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்தான். வேலையை விட்டவர் அதைப் போடுகிறார், கடை திறப்பவர் போடுகிறார், கடன் வாங்கி நிலம் வாங்கியவரும் போடுகிறார். கூடவே ஒரு படம்: மேஜையில் குவிந்திருக்கும் சிப்புகளை ஒருவர் இரண்டு கைகளாலும் முன்னே தள்ளுகிறார். கீழே “துணிந்தவனுக்கே உலகம்” என்று எழுதியிருக்கிறது.

அந்தப் படம் போக்கர் என்ற சீட்டு விளையாட்டில் வருவது. என் மருமகன் அந்த விளையாட்டின் ரசிகர். ஆட மாட்டார், போட்டிகளின் ஒளிப்பதிவைப் பார்ப்பார். பக்கத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே நானும் பார்த்துப் பழகிவிட்டேன். 36 வருடம் கணக்கு நடத்தியவளுக்குச் சீட்டை விட அதன் பின்னால் இருக்கும் கணக்குதான் பிடித்தது. பார்த்தவரை எனக்குத் தெரிந்தது இதுதான்: நன்றாக ஆடுகிறவர்கள் துணிச்சலால் ‘ஆல் இன்’ போவதில்லை. எண்ணிப் பார்த்துப் போகிறார்கள். அந்த எண்ணிக்கையை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் நாம் எடுத்து வந்துவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

முதலில் விளையாட்டைச் சொல்கிறேன். ஆளுக்கு இரண்டு சீட்டு மூடிக் கொடுப்பார்கள். நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கப்படும். இந்த ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்தவருக்கு வெற்றி. அல்லது, நீங்கள் வைக்கும் பந்தயத்தைப் பார்த்து மற்றவர்கள் எல்லோரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டாலும் உங்களுக்கு வெற்றி. ரம்மியில் ‘ஸ்கூட்’ விடுவது என்பீர்களே, அதே மாதிரி.

டோர்னமென்ட் என்றால் எல்லோரும் ஒரே நுழைவுக் கட்டணம் கட்டி, ஒரே அளவு சிப்போடு தொடங்குவார்கள். சிப் தீர்ந்தவர் வெளியே போக வேண்டும். கடைசியில் ஒருவரிடம் எல்லாச் சிப்பும் சேரும் வரை ஆட்டம் நடக்கும். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு பேர் கட்டாயமாகப் பந்தயம் வைக்க வேண்டும். சிறியதை ஸ்மால் பிளைண்ட் என்றும் பெரியதை பிக் பிளைண்ட் என்றும் சொல்வார்கள். ‘ஆன்டி’ என்று இன்னொரு தண்டலும் உண்டு. இந்தக் கடமை மேஜையைச் சுற்றி ஒவ்வொருவருக்கும் முறை வைத்து வரும். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை தொகையையும் ஏற்றிக்கொண்டே போவார்கள். வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்கு இது உடனே புரியும். நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் ஒன்றாம் தேதி வந்துவிடும். வாடகையும் வருடா வருடம் ஏறும்.

எனவே போட்டியின் பிற்பகுதியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி “என் சீட்டு நல்லதா?” என்பதாக இருக்க முடியாது. “நான் இன்னும் எத்தனை சுற்று தாங்குவேன்?” என்பதுதான் முதல் கேள்வி. 1995-இல் உலகப் போட்டியை வென்ற டான் ஹாரிங்டன் தன் புத்தகத்தில் இதை அழகாக விளக்குகிறார். கையில் உள்ள சிப்பை, ஒரு சுற்றுக்கு ஆகும் கட்டாயச் செலவால் வகுக்க வேண்டும். வரும் ஈவுக்கு ‘எம்’ என்று பெயர். பால் மக்ரியல் என்ற ஆட்டக்காரரின் பெயரிலிருந்து வந்த எழுத்து அது. ஈவு 20-க்கு மேல் இருந்தால் பொறுமையாக ஆடலாம். 10-க்குக் கீழே வந்தால் நெருக்கடி ஆரம்பம். 5 அல்லது அதற்கும் கீழே போய்விட்டால் இரண்டே வழி: எல்லாவற்றையும் தள்ளு, அல்லது சீட்டைக் கவிழ். நடுவில் கொஞ்சம் வைத்துப் பார்ப்பது என்பதே கிடையாது.

ஒரு கணக்கு போடுவோம். ஸ்மால் பிளைண்ட் 500, பிக் பிளைண்ட் 1,000, ஆன்டி 1,000. ஒரு சுற்றுக்குச் செலவு 2,500. உங்களிடம் இருப்பது 10,000. வகுத்தால் ஈவு 4. ஒன்பது பேர் உள்ள மேஜையில் நாலு சுற்று என்றால் 36 ஆட்டம்.

“நல்ல சீட்டு வரட்டும், அப்போது பார்க்கலாம்” என்று காத்திருந்தால் என்ன ஆகும்? இரண்டு ஏஸ் சேர்ந்து வருவது 221 ஆட்டத்துக்கு ஒருமுறைதான். சரி, அவ்வளவு பேராசை வேண்டாம். பத்து அல்லது அதற்கு மேலான ஜோடி, இல்லாவிட்டால் ஏஸும் ராஜாவும் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் சராசரியாக 29 ஆட்டத்துக்கு ஒருமுறைதான் வரும். அதற்குள் உங்கள் சிப்பில் பெரும்பகுதி கரைந்துவிடும். இரண்டு சுற்று போனாலே கையில் 5,000. அப்போது ஆல் இன் போய் ஜெயித்து இரட்டிப்பாக்கினாலும் ஏறக்குறைய பழைய 10,000-க்குத்தான் வருவீர்கள். வெளியேறும் ஆபத்தை முழுசாகத் தாண்டி, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருவதற்கு ஒரு பந்தயம்!

இப்போது தள்ளுவதன் கணக்கு. உங்களுக்கு முன்னால் உள்ளவர்கள் எல்லோரும் கவிழ்த்துவிட்டார்கள். பின்னால் இரண்டே பேர், ஸ்மால் பிளைண்டும் பிக் பிளைண்டும். நடுவில் 2,500 கிடக்கிறது. உங்கள் சீட்டு சுமார்தான். பிக் பிளைண்ட் நல்ல சீட்டோடு ஏற்றுக்கொண்டால் 100-க்கு 35 முறைதான் ஜெயிப்பீர்கள். 10,000-ஐயும் தள்ளலாமா?

இதே நிலைமை 200 முறை வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி, அதாவது 100 முறை இருவரும் பயந்து கவிழ்த்துவிடுகிறார்கள். லாபம் 100 × 2,500 = 2,50,000. மீதி 100 முறை பிக் பிளைண்ட் ஏற்றுக்கொள்கிறார். அதில் 35 முறை ஜெயித்தால் ஒவ்வொரு முறையும் 11,500 கூடுதலாக வரும்: 4,02,500. 65 முறை தோற்றால் 6,50,000 போகும். இதில் நிகர நஷ்டம் 2,47,500. இரண்டையும் சேர்த்தால் 2,500 லாபம். ஏறக்குறைய சரிக்குச் சரி. மூன்றில் இரண்டு முறை தோற்கக்கூடிய சீட்டுக்கே இந்தக் கதை!

எதிரிகள் 200-க்கு 120 முறை கவிழ்ப்பவர்களாக இருந்தால்? அதே முறையில் போட்டுப் பாருங்கள், மொத்த லாபம் 1,02,000 வரும். சீட்டு மாறவில்லை. எதிரே இருப்பவர்களின் பயம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதனால்தான் உட்கார்ந்திருக்கும் இடமும் முக்கியம். நல்ல சீட்டு கிடைக்க ஒவ்வொருவருக்கும் பத்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்தால், பின்னால் இரண்டு பேர் இருக்கும்போது அவர்களில் ஒருவருக்காவது அது இருக்க 19 சதவீதம்தான் வாய்ப்பு. பின்னால் எட்டுப் பேர் இருந்தால் 57 சதவீதம். கடைசியில் இருப்பவர் தாராளமாகத் தள்ளும் அதே சீட்டை, முதலில் பேச வேண்டியவர் கவிழ்க்கத்தான் வேண்டும்.

2003 உலகப் போட்டியின் இறுதியில் கிறிஸ் மணிமேக்கர் என்பவர் சாமி ஃபர்ஹா என்ற அனுபவசாலிக்கு எதிராக ஒன்றுக்கும் உதவாத சீட்டோடு எல்லாவற்றையும் தள்ளினார். ஃபர்ஹாவிடம் ஒன்பது ஜோடி இருந்தது. சீட்டைத் திறந்திருந்தால் ஃபர்ஹாவுக்குத்தான் வெற்றி. வெகுநேரம் யோசித்துவிட்டு அவர் கவிழ்த்துவிட்டார். தள்ளுகிறவருக்கு ஜெயிக்க இரண்டு வழி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அதே சமயம், அந்தத் தள்ளலுக்குப் பலம் இருக்கும்போதே தள்ள வேண்டும். மேலே சொன்ன கணக்கில் நீங்கள் 10,000 தள்ளினால், பிக் பிளைண்ட் இன்னும் 9,000 போட வேண்டும். 100-க்கு 42 முறையாவது ஜெயிக்கும் சீட்டு இருந்தால்தான் அவருக்குக் கட்டுப்படியாகும். யோசிப்பார். காத்திருந்து காத்திருந்து 3,000-க்கு வந்த பிறகு தள்ளினால், அவர் இன்னும் 2,000 போட்டால் போதும். 100-க்கு 27 முறை ஜெயித்தாலே லாபம். ஏறக்குறைய எந்தச் சீட்டோடும் ஏற்றுக்கொள்வார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தள்ளுகிறவருக்கு இரண்டு வழி என்றேன். அதை ஏற்கிறவருக்கு ஒரே வழிதான். சீட்டைத் திறந்து ஜெயித்தாக வேண்டும். ஆகவே நாம் முதலில் தள்ளப் போதுமான சீட்டு, இன்னொருவர் தள்ளியதை ஏற்கப் போதாது. டேவிட் ஸ்க்லான்ஸ்கி என்ற எழுத்தாளர் இந்த வித்தியாசத்துக்கு ‘இடைவெளி’ என்று பெயர் வைத்தார். நம் வாழ்க்கைக்கும் எனக்கு இது மிகவும் பிடித்த பாடம். நாமாக யோசித்து, நேரம் பார்த்து இறங்குவது ஒன்று. “மச்சான், நாளைக்குள் பணம் போட்டால் உனக்கும் பங்கு” என்று இன்னொருவர் அவசரப்படுத்தி நம்மை இறக்குவது வேறு. இரண்டாவதற்கு இரண்டு மடங்கு நல்ல சீட்டு வேண்டும்.

அடுத்து, பரிசுக்கு மிக அருகில் இருக்கும் நேரம். பெரிய போட்டிகளில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்குத்தான் பரிசு கிடைக்கும். அதற்கு ஓரிரு இடம் முன்னால் வெளியேறுவது மாதிரி எரிச்சல் வேறில்லை. இங்கே சிப்பின் கணக்கும் பணத்தின் கணக்கும் பிரிந்துவிடுகின்றன.

நாலு பேர் மிச்சம். ஆளுக்கு 10,000 சிப். பரிசு மூன்று பேருக்கு: 50,000, 30,000, 20,000 ரூபாய். எல்லோரும் சமம் என்பதால் ஒவ்வொருவரின் இடத்துக்கும் இப்போது மதிப்பு 25,000 ரூபாய். ஒருவர் எல்லாவற்றையும் தள்ளுகிறார். நீங்கள் ஏற்று ஜெயித்தால் உங்களிடம் 20,000 சிப், அதாவது பாதி. அப்போது உங்கள் இடத்தின் மதிப்பு 50,000 ஆகிவிடுமா? ஆகாது. முதல் பரிசுக்கு உங்கள் வாய்ப்பு இரண்டில் ஒன்று: 25,000. இரண்டாம் பரிசுக்கு மூன்றில் ஒன்று: 10,000. மூன்றாவதுக்கு ஆறில் ஒன்று: 3,333. மொத்தம் 38,333 ரூபாய். சிப் இரட்டிப்பானது; பணம் ஒன்றரை மடங்குதான் ஆனது. தோற்றாலோ 25,000-மும் பூஜ்யம். ஆக 13,333-ஐப் பெற 25,000-ஐப் பணயம் வைக்கிறீர்கள். 100-க்கு 65 முறைக்கு மேல் ஜெயிக்கும் சீட்டு இருந்தால்தான் இது நியாயம். 60 முறை ஜெயிக்கும் அருமையான சீட்டையும் இங்கே கவிழ்க்க வேண்டும். அதைக் கவிழ்ப்பவரைக் கோழை என்று யாராவது சொன்னால், அவருக்குக் கணக்கு வராது என்று அர்த்தம்.

“டீச்சர், ஒரே ஒரு சிப்பை வைத்து ஜெயித்தவர் கதை இருக்கிறதே” என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். இருக்கிறது. 1982-இல் ஜாக் ஸ்ட்ராஸ் எல்லாவற்றையும் இழந்தார் என்று நினைத்து எழுந்தாராம். மேஜையில் கைக்குட்டைத் தாளுக்கடியில் 500 மதிப்புள்ள ஒரு சிப் ஒட்டிக்கொண்டிருந்ததாம். ‘ஆல் இன்’ என்று வாயால் சொல்லாததால் தொடர்ந்து ஆட அனுமதித்தார்களாம். அதை வைத்து 104 பேர் கலந்துகொண்ட அந்தப் போட்டியையே வென்றார். கதையின் விவரங்களை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள், வென்றது உண்மை. ஆனால் ஒரு சிப்போடு தோற்றவர்கள் எத்தனை ஆயிரம் பேர்? அவர்கள் கதையை யாரும் சொல்வதில்லை. பள்ளிக்கூடத்தில் முதல் மதிப்பெண் வாங்கியவர் படம் மட்டும் பேனரில் வருகிற மாதிரிதான்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

போட்டியில் எல்லாவற்றையும் தள்ளுவது ஏன் சரியாகிறது? அங்கே ‘எல்லாம்’ என்பதற்கு ஒரு சுவர் இருக்கிறது. தோற்றால் போவது நுழையும்போதே கட்டிய கட்டணம் மட்டும்தான். சிப்பு பணம் அல்ல. அதை எடுத்துக்கொண்டு போய் அரிசி வாங்க முடியாது. தோற்றவர் எழுந்து போய் அடுத்த போட்டியில் உட்காரலாம். நான் சொன்ன மணிமேக்கர் அமெரிக்காவில் கணக்கராக வேலை பார்த்தவர். 839 பேர் ஆடிய அந்தப் போட்டியில் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். எல்லோரும் அந்த 25 லட்சத்தைத்தான் சொல்வார்கள். அவர் அந்தப் போட்டிக்குத் தகுதி பெறக் கட்டியது 86 டாலர். எனக்கு அந்த 86-தான் பெரிய பாடம். வேலையை விட்டுவிட்டு, வீட்டை அடகு வைத்துவிட்டு அவர் போகவில்லை.

சமீபத்தில் என்னிடம் படித்த இருவர் யோசனை கேட்டார்கள். பெயர் வேண்டாம். ஒரு பையன், ஏழு வருட பி.எஃப். பணம், அம்மாவின் நகை, அப்பா பெயரில் உள்ள வீட்டுப் பத்திரம் மூன்றையும் போட்டு ஹோட்டல் ஆரம்பிக்கப் போகிறான். “ஆல் இன் டீச்சர்” என்றான். நான் சொன்னேன்: “தம்பி, பி.எஃப். உன் சிப். அதைத் தள்ளு, நானே திறப்பு விழாவுக்கு வருகிறேன். அம்மா கழுத்தில் இருப்பதும் அப்பா தலைக்கு மேல் இருப்பதும் சிப் இல்லை. அவர்கள் இந்தப் போட்டிக்குப் பெயரே கொடுக்கவில்லையே!” அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. இன்னும் யோசிக்கிறான் என்று நினைக்கிறேன்.

இன்னொருத்தி நன்றாகத் தைப்பாள். சொந்தமாகத் தையல் கடை வைக்க இரண்டு லட்சம் சேர்த்திருந்தாள். நல்ல நேரம் வரட்டும், நல்ல இடம் அமையட்டும் என்று காத்திருந்தாள். வீட்டுச் செலவுக்கு மாதம் 8,000 துண்டு விழுகிறது. இப்போது மிச்சம் 1,20,000. அவளிடம் ஒரே ஒரு வகுத்தல் போடச் சொன்னேன். 15 மாதம். “15 மாதம் கழித்து முடிவெடுத்தால் உன்னிடம் ஒன்றும் இருக்காது. பத்து மாதம் கழித்து எடுத்தால் 40,000 இருக்கும். கடைக்கு அட்வான்ஸ் கொடுத்தால் மெஷின் வாங்க முடியாது, மெஷின் வாங்கினால் அட்வான்ஸ் கொடுக்க முடியாது. இன்று இருப்பதில் இரண்டும் முடியும்” என்றேன். அவளுக்கு நான் ‘தள்ளு’ என்றுதான் சொன்னேன். 

அவனுக்கு நில் என்றும் இவளுக்குப் போ என்றும் சொன்னது ஒரே கணக்கை வைத்துத்தான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளந்துவிட்டால் தாராளமாகப் போடலாம் என்பதும் அதே பழமொழிக்குள் இருக்கிறது.

அதனால் பிள்ளைகளே, ‘ஆல் இன்’ என்று ஸ்டேட்டஸ் போடும் முன் ஒரு தாளில் நாலு வரி எழுதுங்கள். காத்திருந்தால் மாதம் எவ்வளவு கரைகிறது? இன்னும் எத்தனை மாதம் தாங்கும்? இது நானாக இறங்குவதா, பிறர் அவசரப்படுத்தி இறக்குவதா? தோற்றால் மறுநாள் காலையில் என் வீட்டில் யார் யாருக்கு என்ன இல்லாமல் போகும்? நாலாவது வரியில் அம்மா, அப்பா, மனைவி, கணவர், குழந்தை என்று யார் பெயராவது வந்தால், முதலில் அவர்களிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். பேசி அவர்கள் சரி என்றால் அப்புறம் பார்க்கலாம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு யாரும் செல்போனில் பணம் கட்டி ஆடப் போகாதீர்கள். தமிழ்நாட்டில் 2022-லேயே இணையச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றியிருக்கிறது. ஏன் வந்தது என்பதை நம் தெருக்களிலேயே பார்த்தோம். அங்கே தோற்றவர் உடனே அடுத்த தொகையைக் கட்டலாம், அதற்கடுத்ததும் கட்டலாம். நான் சொன்ன சுவர் அங்கே கிடையாது.

வழக்கம்போல வீட்டுப்பாடம்: எட்டுப் பேர் மேஜை. ஸ்மால் பிளைண்ட் 1,000, பிக் பிளைண்ட் 2,000, ஆன்டி 2,000. உங்களிடம் 30,000 சிப். எத்தனை சுற்று தாங்கும்? எத்தனை ஆட்டம்? மூன்று சுற்று சும்மா இருந்துவிட்டுப் பிறகு ஒருமுறை இரட்டிப்பாக்கினால் கையில் எவ்வளவு? விடையைக் கமெண்டில் போடுங்கள். வழிமுறை இல்லாமல் விடை மட்டும் போட்டால் பாதி மதிப்பெண்தான், அந்தப் பழக்கம் என்னிடம் மாறவில்லை.

பேத்திக்குப் பள்ளி விடும் நேரமாகிவிட்டது. எல்லோரும் நன்றாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்